வயிறில்லாத தாளம்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஐஸக்கா. துறைமுகத்தை ஒட்டியிருந்த ஐஸ் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் ஐஸ்கட்டி உடைத்தவள். அதை இழுத்து மூடியதும் இங்கே நண்டுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். இங்கும் ஐஸ் அவளை விடவில்லை. வெட்டுவதற்கு முன் நண்டை அரைமணி நேரம் ஐஸில் புதைத்து மரத்துப்போக வைக்க வேண்டும். கொடுக்கைக் கட்டியிருந்தாலும் கண் இரண்டும் காம்பின் மேல் நின்று அவளையே பார்க்கும். "என்னைப் பாக்காதடா, நான் வெறும் ஐஸ்காரி" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை மூடுவாள்.

பிறகு நண்டு டாக்டரம்மாவின் மேஜைக்குப் போகும். டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. முப்பத்திரண்டு வயது, நரம்பு ஆராய்ச்சி, சாப்பிட மறந்துபோகும் சுபாவம். நண்டின் வயிற்றுச் சுவரிலிருந்து ஒரு நரம்பு முடிச்சைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் மயிரிழை போன்ற ஊசிகளால் விரித்துக் குத்தி, குளிர்ந்த உப்புத்தண்ணீர் மேலே ஓடும்படி வைப்பாள். கடுகைவிடச் சின்ன முடிச்சு. உள்ளே முப்பது செல்கூடத் தேறாது. அதில் மின்கம்பியை வைத்து ஒலிபெருக்கியோடு இணைத்தால் கேட்கும்: டக், டக்டக், டர்ர். டக், டக்டக், டர்ர். வயிற்றைப் பிசைந்து இரையைத் தள்ளு என்ற கட்டளை அது. நண்டு குப்பைப் பையில் கிடக்கும். வயிறும் இல்லை, இரையும் இல்லை. கிண்ணம் பாட்டுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருக்கும்.

வந்த புதிதில் அந்த அறையைத் துடைக்கும்போது ஐஸக்கா கிண்ணத்துக்கு முதுகைக் காட்டமாட்டாள். போகப்போகப் பழகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மூளைப் பக்கத்திலிருந்து முடிச்சுக்கு வரும் நரம்பை டாக்டரம்மா கத்தரித்தாள். ஒலிபெருக்கி இரண்டு தடவை திக்கியது. அப்புறம் பேச்சில்லை.

"செத்துடுச்சா?" என்றாள் ஐஸக்கா.

"தெரியலக்கா. மேலேர்ந்து வர்ற சொல் நின்னுடுச்சு, அவ்வளவுதான். நான் திங்கக்கிழமைதான் வருவேன். தண்ணி நிக்காம, சூடு ஏறாம பாத்துக்கறீங்களா?"

சனிக்கிழமை முழுக்க மௌனம். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் வேறு யாருமில்லை. ஜன்னலில் பளீரென்று வெயில். குளிர்பெட்டியில் ஐஸை நிரப்பிவிட்டுத் தரையைத் துடைக்கக் குனிந்தாள்.

டக்.

குழாய் சொட்டுகிறதென்று நினைத்து எழுந்து போய்த் திருகினாள். குழாய் இறுக்கமாகத்தான் இருந்தது.

டக்... டக்.

சத்தம் ஒலிபெருக்கியிலிருந்துதான். துடைக்கும் துணியைப் பிடித்தபடி நின்றாள். பேச்சு மறந்தவன் வாயைத் திறந்து திறந்து பார்ப்பதுபோல அது தடுமாறியது, நின்றது, மறுபடி ஆரம்பித்தது. மணி மூன்றாகும்போது வரிசை பிசகாமல் வந்துவிட்டது: டக், டக்டக், டர்ர்.

ஐஸக்கா போன் போட்டுச் சொன்னதும் டாக்டரம்மா துள்ளிக் குதித்தாள். "அக்கா, தொடாதீங்க! போனை ஒலிபெருக்கி கிட்ட வைங்க, நானும் கேக்கறேன்!"

"அதுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. ஒவ்வொரு செல்லுக்கும் இவ்வளவு வேலை செஞ்சா போதும்னு ஒரு அளவு இருக்கும்போல. அது குறைஞ்சா, தன்னோட கதவு ஜன்னலை எல்லாம் தானே மாத்தி வெச்சுக்கும், பழைய அளவு வர்ற வரைக்கும்."

ஐஸக்கா போனை ஒலிபெருக்கிப் பக்கம் வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை அவளுக்கு நினைவு வந்தது.

அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கம்பி அறுந்து ஒரே நொடியில் போய்ச்சேர்ந்தார். அதன்பின் ஏழு வாரம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். மகள் ஊட்டினால் விழுங்குவாள், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் பார்க்கிறாள், தான் அடுப்படியில் நிற்கிறாள். வெங்காயம் நறுக்கியிருக்கிறது. உலை கொதிக்கிறது. வாய் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறது. எழுந்ததும் தெரியாது, பல் விளக்கியதும் தெரியாது. எழ வேண்டுமென்று அவள் முடிவெடுக்கவே இல்லை. அப்படியானால் எழுந்து வந்தது யார்? அந்தக் கேள்வியை அவள் ஒருவரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டாள். டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு நிஜமாவே தெரியலக்கா. இது நண்டு. அதுவும் அதோட வயிறு."

பிறகு சூடேற்றும் பரிசோதனை தொடங்கியது. தண்ணீர் வெதுவெதுப்பாக ஆக, தாளம் ஓட்டமெடுத்தது. ஆனால் எது முன்னே எது பின்னே என்ற வரிசை கலையவில்லை. இன்னும் ஏற்றியபோது உளறிக் கொட்டி, அடங்கிப்போனது. ஐஸக்கா கொண்டுவந்த ஐஸில் குளிர்வித்ததும் திரும்ப எழுந்தது. இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை அடங்கியபோது ஐஸக்கா வாளியை இடுப்பை விட்டு இறக்கவில்லை.

"இந்தத் தடவை வேணாமே டாக்டரம்மா. கிடக்கட்டும் அது."

"தாங்கும்கா. எவ்வளவு தாங்கும்னுதான் பாக்கணும்."

"அதுக்கு வேணுமான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் ஐஸக்காவே ஐஸைக் கொட்டினாள். இருபது நிமிஷம். டக்.

பதினோராம் நாள் அது தானாக ஓய்ந்தது. அதன் பிறகும் டாக்டரம்மா ஒரு வாரம் அந்த முடிச்சை அளவெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னாள், "அக்கா, ஒரு விசேஷம். நரம்பை வெட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தாளம் ஒண்ணேதான். ஆனா உள்ள ஒண்ணுகூட முன்ன மாதிரி இல்ல. ஒவ்வொரு செல்லோட கதவு ஜன்னலும் மாறிப்போச்சு."

"அப்ப திரும்பி வந்தது அது இல்ல?"

"அதுதான். ஆனா... வேற மாதிரி அது."

வீட்டுக்குப் போனபோது மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஐஸக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா போனப்புறம் படுக்கையை விட்டு எழுந்தது நான் இல்லன்னு தோணுதுடி."

மகள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அதே சமையல், அதே நடை, அதே திட்டு. ஆனா என்னவோ வேற. முதல் ஒரு மாசம் உன் பக்கத்துல படுக்கவே பயமா இருந்துச்சு. எங்க சொல்றது? அப்புறம் பழகிட்டேன்."

"இப்ப?"

"இப்ப நீதான் என் அம்மா." ஒரு சட்டையை உதறி மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "நீ தூங்கறப்ப எப்பவாச்சும் பழைய மூஞ்சி வந்துட்டுப் போகும். நான் எழுப்பறதில்ல."

ஐஸக்கா அதற்குப் பின்னும் ஏழு வருஷம் அங்கே வேலை பார்த்தாள். எத்தனையோ கிண்ணங்கள், எத்தனையோ நண்டுகள். ஒரே ஒரு பழக்கம்தான் புதிதாக ஒட்டிக்கொண்டது. அந்த அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டுவாள்.

"உள்ள யாருமில்லையே, யாருக்காகக்கா தட்டறீங்க?" என்று பின்னாலேயே வந்த டாக்டரம்மா ஒருநாள் சிரித்தாள்.

"இருக்கட்டும்" என்றாள் ஐஸக்கா. இன்னொரு தடவை தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே போனாள்.