கல்யாணத்தன்று திறக்காத கதவு

என் கல்யாணம் ஐப்பசியில், திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தலில் நடந்தது. ஒரு வாரமாக மழை. மாப்பிள்ளை வீட்டார் வியாசர்பாடியிலிருந்து நனைந்துகொண்டே வந்து இறங்கினார்கள். மேளம் கேட்டதுமே கூரைப்புடவை மாற்ற உள்அறைக்குள் ஓடி, கதவை முதுகால் அழுத்திச் சாத்தினேன்.

கட்டி முடித்து இழுத்தால், கதவு அசையவில்லை.

"இன்னாமே, முகூர்த்தத்துக்கு நேரமாவுது!" வெளியே அண்ணன்.

"கதவு மாட்டிக்கிச்சுண்ணே!"

அண்ணன் தோளால் இடித்தான். சுவரிலிருந்து காரை என் தலையில் உதிர்ந்தது.

"டேய், ஒடைச்சிடாதடா!" என்று நைனா கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கதவையே பார்த்தேன். தாழ்ப்பாள் பக்கம் கீழே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. மேலே போகப்போக மெலிந்து, மூலையில் இருண்டுவிட்டது. பிடிப்பது அங்கேதான்! மேல் கீலைப் பார்த்தேன். கடல் காற்றில் துருவேறிய திருகாணிகள் பாதி கழன்றிருந்தன. மழையில் ஊறிப் பருத்த கதவு, கனம் தாங்காமல் சாய்ந்து, மேல் மூலையை நிலைச்சட்டத்தில் திணித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நடுவுல இடிக்காத! கீய கடப்பாறைய வுட்டுக் கதவ மேல தூக்கு. அப்பால மேல் மூலையில தள்ளு!"

என் சத்தத்தில் மேளமே நின்றுவிட்டது.

"நீ தூக்கு மச்சான், நான் தள்றேன்" என்றது கேட்டறியாத ஒரு குரல்.

கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. திறந்த வேகத்தில் மாப்பிள்ளையே உள்ளே தடுமாறி வந்து நின்றார்.

"எங்க மாட்டிக்கினு கீதுன்னு எப்டிக் கண்டுபுட்ச?"

"வெளிச்சத்தப் பாத்துதான்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மறுநாளே கதவை இழைக்க அண்ணன் கிளம்பினான். விடவில்லை நான். ஈரத்தில் இழைத்தால், வெயில் காலத்தில் மரம் சுருங்கிச் சந்து விழுந்துவிடும். தலைப்பொங்கலுக்கு வந்தபோது மரம் காய்ந்திருந்தது; நானும் அவருமே கதவைக் கழற்றினோம். தளர்ந்த பழைய துளைகளில் தீக்குச்சிகளைச் செருகி, நீளமான புதுத் திருகாணிகளை முடுக்கிக் கதவை மாட்டினோம். கதவின் ஓரத்தில் சாக்குக்கட்டி தேய்த்துச் சாத்திப் பார்த்தோம். மறுபடி கழற்றி, நிலையில் வெள்ளை ஒட்டிய இடத்துக்கு நேராக மட்டும் கதவை அவர் மெல்லிசாக இழைத்தார். மேல் விளிம்பு, அடி விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் நான் வார்னிஷ் அடித்தேன், ஈரம் ஏறக் கூடாதென்று.

அடுத்த ஐப்பசியில் வளைகாப்புக்கு வந்தேன். மழை வெளுத்து வாங்கியது. முதல் வேலையாக உள்அறைக்குப் போய், ஒரே விரலால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு திறந்தது! அவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு தரம், நான் ஒரு தரம் என்று சாத்திச் சாத்தித் திறந்தோம்.

"தொட்டில் ஆட்டப்போற நேரத்துல கதவ ஆட்டிக்கினு கீதுங்க பாரு!" என்று நைனா விழுந்து விழுந்து சிரித்தார்.