மலைக்கு ஏறிய ஐம்பது பாஸ்வேர்டு

சாவியைக் கையில் கொடுத்து, "கதவைத் திறந்ததும் இதைத் தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லித் திட்டு வாங்குவதுதான் என் தொழில். கம்ப்யூட்டரோடு மாரடித்த தோழர்களே, உங்களுக்குப் புரியும்.

செல்போனில் எண் வந்து விழும் காலமல்ல, இரண்டாயிரத்தின் தொடக்கம். கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்ற பகுதியில், ஒரு மிளகு விவசாயிகள் சங்கம். அங்கிருந்து டெலிபோன் லைன் வழியாக அடிவாரத் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து தினமும் கணக்குப் பதிய, ஐம்பது பாஸ்வேர்டு அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தேன். வரிசையாகப் போட வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே தடவைதான். ஒரு மாதத்தில் சரிப்படவில்லை என்றால் சங்கத்துக் கம்ப்யூட்டரைக் கீழே இறக்கிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். இறக்கினால் சங்க எழுத்தர் ராசாத்திக்கு வேலை போகும், எனக்கு மானம் போகும். விடுவதில்லை என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டோம்.

சிக்கனம்

முதல் வாரமே கீழேயிருந்த கம்ப்யூட்டர் உள்ளே விட மறுத்தது. பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி, தலை கிறுகிறுக்கப் போய் இறங்கினேன். பார்த்தால், முதல் பாஸ்வேர்டையே தினமும் அடித்திருக்கிறார் ராசாத்தி. ஏன் என்றேன்.

"நல்லா இருக்கறதை எதுக்குங்க சார் ஒரே நாள்ல வீசறது? அதென்ன பலாப்பழமா, அழுகிப் போறதுக்கு?"

எட்டு

போட்டதைத் தாளில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அடிக்கப் பழக்கினேன். ஏழு வரை ஜோராகப் போயிற்று. அப்புறம் மறுபடி மக்கர். கீழே எட்டாவதைக் கேட்கிறது, மேலே ஒன்பதாவதை அடிக்கிறார்கள். எட்டு ராசியில்லை என்று சங்கத் தலைவர் அதன்மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டாராம்! எனக்கு வந்ததே கோபம். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் மனுஷர் மசியவில்லை. கடைசியில் காகிதத்தைக் கிழித்து, எட்டாவதை நானே என் கையால் அடித்தேன். தலைவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"தோஷம் உங்களோட போச்சுங்க. பதினேழும் கூட்டுனா எட்டுதானுங்க, அன்னிக்கும் மறக்காம வந்துருங்க."

கடைசி நாள்

மாதக் கடைசி. மலையில் ஒரு வாரமாக மழை. லைனில் பேச முடிந்தது, ஆனால் கம்ப்யூட்டர் நுழையும் சமயம் பார்த்து அறுந்தது. அறுந்தால் போட்ட பாஸ்வேர்டும் போச்சு. காலையில் ஆறு மிச்சம், மூன்று மணிக்கு ஒன்றே ஒன்று. ஐந்து மணிக்குள் அன்றைய பதிவு வராவிட்டால் கம்ப்யூட்டர் வண்டி ஏறும். அடிவாரத்தில் மேனேஜர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறைக்குப் போய் ராசாத்திக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கடைசிப் பாஸ்வேர்டைச் சொல்லுங்க. உங்க பேர்ல நானே இங்கிருந்து நுழைஞ்சு பதிஞ்சிடறேன்."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"அட, வேலை போயிடும்மா!"

"போனாப் போகுதுங்க." டக்கென்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மழை விடட்டும் என்று அந்த ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நாலே முக்காலுக்கு ராசாத்தியின் பதிவு திரையில் வந்து நின்றது. கம்ப்யூட்டர் மலையிலேயே இருக்கட்டும் என்றார் மேனேஜர்.

உடனே கூப்பிட்டேன். "ஏம்மா, என் குரல்கூடவா தெரியல?"

"நல்லாத் தெரிஞ்சதுங்க சார். அதனாலதான் போனை வெச்சுப்போட்டேன். இன்னொருக்கா கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

மலை முழுக்கப் பாஸ்வேர்டு பாடம் எடுத்தவன் அன்று அதில் ஃபெயிலான கதையை நான் இன்றுவரை மேனேஜரிடம் சொல்லவில்லை, ராசாத்தியும் சொல்லவில்லை.