பின்னால் நிற்பவர்கள்

பாவாடையோடு உட்கார்ந்து படம் பார்ப்பது போல ஒரு தண்டனை கிடையாது. கதாநாயகன் பத்துப் பேரைத் தூக்கிப் போட்டு மிதித்துக்கொண்டிருப்பான். நாம் நிமிர்ந்து உட்காரும் நேரம் பார்த்துப் பாவாடை ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்திவிடுவான். எழுந்து டிவிக்குக் கிட்டே போய், சண்டையை வேடிக்கை பார்த்தபடி தூரத்தில் நிற்கிற காய்கறிக்காரப் பெண்ணை உற்றுப் பார்ப்பான். "இல்ல" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவான். மறுபடி ஓடவிடும்போது நமக்குச் சண்டையின் ருசியே போயிருக்கும்.

அவன் பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் மரக்காணம் பக்கம் அது சாமி பெயர், அங்காளம்மனுக்குக் காவல் நிற்கிற பாவாடைராயன் பெயர். அவனுக்கு உப்பளத்தில் வேலை. விடியும் முன்பே பாத்தியில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வருவதற்குள் வீடு திரும்பிவிடுவான். எனக்கு ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் இராக்காவல். பகலில் அவனும் வீட்டில், நானும் பக்கத்து வீட்டில். அப்படித்தான் 2005 முழுக்கவும் அடுத்த வருஷம் பாதியும், அவன் போட்ட படத்தையெல்லாம் நானும் பார்த்தேன்.

அந்தப் படங்களில் அவன் தேடியது அவனுடைய பெண்டாட்டி திரௌபதியை.

2004 மாசி மாதத்தில் எங்கள் உப்பளத்துக்குச் சினிமா எடுக்க வந்தார்கள். ஒரே நாள்தான். கதாநாயகன் புதுப் பையன், யாருக்கும் தெரியாத முகம். படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றார்கள். குடை பிடித்தவர்கள் தமிழில் திட்டினார்கள், கேமராவிடம் நின்றவர்கள் தெலுங்கில் திட்டினார்கள். ஆக, அது எந்த மொழிப் படம் என்பதிலேயே எங்களுக்குள் தகராறு. உப்புச் சுமக்கிற பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சிவப்புச் சேலை கொடுத்து, தலையில் கூடையோடு வரப்பில் நடக்கச் சொன்னார்கள். கூலியும் உண்டு, பிரியாணிப் பொட்டலமும் உண்டு. பாவாடை அன்று லாரியில் மூட்டை ஏற்றப் போயிருந்தான். இருட்டும் நேரத்தில் திரௌபதி பாதிப் பிரியாணியை அவனுக்காக மீதம் வைத்துக்கொண்டு வந்து, "நான் சினிமாவுல வரப்போறேன், இனிமே என்ன மரியாதையா கூப்புடணும்" என்றாளாம். அந்த வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே அவனிடம் தண்ணீர் எடுக்கிற வேலையை வாங்கினாள்.

டிசம்பரில் கடல் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கக் குப்பத்துக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாள் முள்ளுக்காட்டில் கிடைத்தாள். சேலையை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். மூடியிருந்த துணியை விலக்க வேண்டாம் என்று நான் அவன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு விலக்கிவிட்டான்.

"கண்ண மூடினா அந்த மூஞ்சிதான்பா வருது" என்று காரியம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னான். "அதுக்கு முன்னாடி இருந்தவ வரமாட்டேங்குறா. கொரலு வருது. கை வருது. வளையலு கூட வருது. மூஞ்சி மட்டும் வரல."

அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளின் முகம் எப்படி மறக்கும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்கள் அந்தத் துணியை விலக்கிப் பார்த்தவர்கள் இல்லை. படம் ஒன்று இருந்திருந்தால் பிழைத்திருப்பான். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், போட்டோக்காரரைக் கூப்பிட வசதியில்லை. மிச்சம் இருந்தது ஓட்டு கார்டு. அதில் அவள் முகம் தீய்ந்த தோசை மாதிரி இருக்கும், மூக்கு எது வாய் எது என்று தெரியாது. அவள் சாயலைக் காட்ட ஒரு பிள்ளையும் இல்லை.

நிவாரணப் பணம் வந்ததும் ஒரு டிவியும் சிடி பிளேயரும் வாங்கினான். தெரு சும்மா இருக்குமா? பெண்டாட்டி செத்த காசில் உட்கார்ந்து சினிமா பார்க்கிறான் என்றார்கள். என் வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். அவனுக்கு வந்த சாவு, அவனுக்கு வந்த காசு, உனக்கென்ன என்று கேட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு கோபத்தோடுதான் விழுந்தது.

கூனிமேட்டில் ஜாபர் பாய் சிடி வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். முதல் தடவை நானும் கூடப் போனேன்.

"இன்னா படம் வேணும்?" என்றார் பாய்.

"பேர் தெரியாது பாய். ஹீரோவும் தெரியாது. உப்பளம் வரும். செவப்புச் சேலை கட்டிக்கினு பொம்பளைங்க நடப்பாங்க."

"கதை இன்னா?"

"கதைய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றான் பாவாடை.

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. விஷயத்தை நான் தனியாகச் சொன்னேன். அன்றிலிருந்து புதுசாக வருகிற சின்னப் படம் எதுவானாலும் அவனுக்கென்று ஒன்றை எடுத்து வைத்தார். தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் வந்தது. பேய்ப் படம் வந்தது, அம்மன் படம் வந்தது. தமிழ் பேசுகிற இங்கிலீஷ் பாம்புப் படமும் வந்தது. அது நான் கேட்டு வாங்கியது, அதை மறைப்பானேன்.

எந்தப் படத்திலும் அவன் முன்னால் நிற்பவர்களைப் பார்க்கவில்லை. கதாநாயகி அழுது தீர்ப்பாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவனோ அவளுக்குப் பின்னால் குடத்தோடு நிற்கிறவளைப் பார்த்து, "எழவு வீட்டுல நிக்கிறோம்னு இவளுக்கு யாரும் சொல்லல போல, சிரிக்கிறா பாரு" என்பான். அம்மன் படத்தில் அம்மன் நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடும்போது, தீச்சட்டி தூக்கிய கூட்டத்தில் ஒருத்தி கை சுட்டுச் சட்டியை மாற்றிப் பிடித்ததை அவன்தான் கண்டான். மலையாளப் படத்தில் யாரும் பேசவே மாட்டேன் என்கிறார்கள், மழை மட்டும் பெய்கிறது. நான் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் படகில் போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாளாக ஆக, கூட்டத்தில் நிற்கிறவர்கள் அவனுக்குப் பழக்கமாகிவிட்டார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா, படத்துக்குப் படம் வருவார்கள். "இந்தக் கெழவி போன படத்துல குண்டடி பட்டுச் செத்துச்சே, இதுல தயிர் விக்குது" என்று ஒரு நாள் சந்தோஷப்பட்டான். நெற்றியில் தழும்புள்ள ஒருத்தி ஐந்தாறு படமாகக் காணவில்லை என்று கவலைப்பட்டான். "ஒடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றான். ஒரு தெலுங்குப் படத்தில் அவள் செங்கல் சுமந்துகொண்டு வந்ததும்தான் அவனுக்கு நிம்மதி.

ஒரு இங்கிலீஷ் படத்தில் கடல் பொங்கி ஒரு பெரிய ஊரையே முழுங்கியது. அது அப்படிப்பட்ட படம் என்று பாய்க்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நான் பிளேயரை அணைக்கப் போனேன்.

"இருப்பா" என்றான். முழுதும் பார்த்தான். "நல்லா வெள்ளையா, நொரை தள்ளிக்கினு வருது. நம்மளுது கருப்பா வந்துச்சு, குப்பையோட. இவனுங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்." பிறகு வெளியே போய் வாந்தி எடுத்தான். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் வேறு படம் போட்டான்.

இந்தத் தேடலில் இன்னொருத்திக்கும் பங்கு உண்டு. பின் தெருவில் இருக்கும் ஜெயா. திரௌபதிக்குக் கூட்டாளி, அவளோடு ஜோடி போட்டு உப்புச் சுமந்தவள், சினிமாக்காரர்கள் கொடுத்த சிவப்புச் சேலையைத் தானும் கட்டி நடந்தவள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வாசலில் நின்று, "கெடச்சுதாண்ணா?" என்று பாவாடையைக் கேட்பாள். இல்லை என்றதும் அவள் முகத்தில் வருத்தமா நிம்மதியா என்று எனக்கு விளங்காது. உள்ளே வந்து உட்காரச் சொன்னால் மாட்டாள்.

2006 ஆனி மாதத்தில் பாய் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். எங்கோ ஒரு ஊரில் ஒரு வாரம்கூட ஓடாத படமாம், அதில் உப்பளம் வருகிறதாம். பாவாடை சைக்கிளை மிதித்துப் போய் வாங்கி வந்தான். ஜெயாவையும் கூப்பிட்டான். இந்தத் தடவை அவள் உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள்.

படம் மகா மோசம். புதுப் பையனுக்கு அழவும் தெரியவில்லை, அடிக்கவும் தெரியவில்லை. இரண்டாவது சிடியில் ஒரு பாட்டு வந்தது. பாட்டு நடுவில் எங்கள் உப்பளம். பொழுது சாய்கிற நேரம், சூரியனைப் பார்த்துக் கேமராவை வைத்து எடுத்திருக்கிறார்கள். வரப்பின் மேல் பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாக, தூரத்தில், போகிறார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கதாநாயகி வந்துவிட்டாள்.

பாவாடை நிறுத்தினான். திருப்பினான். மறுபடி நிறுத்தினான். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. ஆட்கள் எல்லாரும் கருப்பு. முகம் இல்லை. சேலை ஒன்று போல, கூடை ஒன்று போல. சிடியை முடிவு வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். உப்பளம் வேறு எங்கும் வரவில்லை. மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தான்.

அவனுக்கு அதில் யார் திரௌபதி என்று தெரியவில்லை. ஒன்றரை வருஷம் ஊரான் ஊரான் பெண்டாட்டி முகங்களையெல்லாம் பார்த்துத் தள்ளியவன், தன் பெண்டாட்டி எது என்று தெரியாமல் டிவிக்கு முன்னால் முட்டி போட்டு நின்றான்.

"ஜெயா, நீ அங்க இருந்தியே. இதுல அவ யாரு?"

ஜெயா எழுந்து வந்தாள். கொஞ்சம் யோசித்தாள். டிவி கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"இதாண்ணா. மூணாவதா போறது."

பாவாடை அந்த உருவத்தைத் தொட்டான். ஓடவிட்டான், திருப்பினான், ஓடவிட்டான். "ஆமா" என்றான். "ஆமாம்பா. இப்டித்தான் ஒரு பக்கமா சாஞ்சி நடப்பா. எனக்கு ஞாபகம் வருது." அழ ஆரம்பித்துவிட்டான். அவள் செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அவனை அழவிட்டு நானும் ஜெயாவும் வெளியே வந்தோம். ஒரு வழியாகக் கிடைத்துவிட்டாள் என்று நான் சொன்னேன்.

"அது நான்தாண்ணே" என்றாள் ஜெயா.

"அப்ப திரௌபதி?"

"அதுல அவ இல்லவே இல்ல. சாயங்காலம் எடுக்கறப்ப கேமராவயே பாத்துப் பாத்துச் சிரிச்சிட்டு இருந்தா. அவள மட்டும் ஓரமா ஒக்கார வச்சிட்டானுங்க. வீட்டுல சொல்லாத, மானம் போயிடும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. காலையில எடுத்ததுல இருந்தாண்ணே, கிட்டக்க வச்சி எடுத்தாங்க. அது வரும்னுதான் இத்தினி நாளும் நெனச்சேன். பாவிங்க அத வெட்டிட்டானுங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்லன்னு எப்டிண்ணே சொல்றது? நீயா இருந்தா சொல்லுவியா?"

நான் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

பாவாடை அந்தச் சிடியைப் பாயிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். வேறு படம் எடுப்பதை நிறுத்திவிட்டான். தினமும் மதியம் அந்தப் பாட்டு மட்டும் ஓடும். நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான். "மூஞ்சி வந்துடுச்சுப்பா" என்று என்னிடம் சொன்னான். எப்படிப்பட்ட முகம் வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு, கூடையோடு போகிற ஜெயாவையே பார்த்தானாம். மறுநாளும் பார்த்தானாம். மற்ற பெண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவளிடமே வந்து, "நீ நடக்கறது அப்டியே அவ நடக்கற மாதிரியே இருக்குது ஜெயா" என்றிருக்கிறான். தப்பான எண்ணம் கடுகளவும் அவனுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் தலையில் இருந்த கூடை சரிந்துவிட்டது. இன்னும் நாலு நாள் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு முதலாளியின் உப்பளத்துக்கு மாறிக்கொண்டாள். அதற்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டும். எங்கள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஜெயா இன்னாத்துக்குப்பா வேலைய உட்டுட்டுப் போயிட்டா?" என்று பாவாடை என்னைக் கேட்டான்.

"அங்க கூலி கொஞ்சம் கூடப் போட்டுத் தராங்களாம்" என்றேன்.

"இங்கேயே இருந்திருக்கலாம்" என்றான். "சிடியில அவ ஒரு நொடியில போயிடறாப்பா. இவ காலையில பூரா கண்ணு முன்னாடி நடந்துட்டு இருந்தா."