கோணலா விரிச்ச பெட்ஷீட்

அஸ்தம்பட்டியில நான் ஹவுஸ்கீப்பிங் பாக்குற முதியோர் இல்லத்துல சரசம்மா இருக்காங்க. ராசிபுரத்துல தறி ஓட்டுனவங்க.

இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டிலும் நாற்காலியுந்தான். நர்ஸ் நடக்கச் சொன்னா, "நடந்து எங்க போகோணும்?"னு கேப்பாங்க.

இன்னைக்கு அவசரத்துல பெட்ஷீட்டைக் கோணலா விரிச்சுட்டு ஜன்னல் தொடைக்கப் போயிட்டேன்.

"ஏம்புள்ள, கரை எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க மாட்டியா?"ன்னு நாற்காலியில இருந்து ஒரே சத்தம்.

"இருங்கம்மா, கையெல்லாம் ஈரமுங்க"ன்னேன்.

திரும்பிப் பாத்தா, கட்டிலைப் புடிச்சுக்கிட்டே சுத்தி நடந்து, நாலு மூலையும் இழுத்து நேராக்கிட்டு இருக்காங்க!

நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். அவங்களோ, "துணி விரிக்கத் தெரியாதவளை யாரு வேலைக்கு வெச்சது?"ன்னு கேக்கறாங்க.

நாளைக்கும் கோணலாத்தான் விரிக்கப் போறேன். சூப்பர்வைசர்கிட்ட யாரும் போட்டுக் குடுத்துராதீங்க!