சவரிமுத்துவின் கட்டில் கயிறு

மூன்றாம் கிளாஸோடு படிப்பை விட்டு, உப்பு மூட்டை சுமந்து, இந்த யுத்த காலத்திலும் தூத்துக்குடியில் சொந்த உப்பளம் நடத்துகிறவன் நான். வீட்டோடு முடங்கிக் கிடப்பவர்களிடம் ஞாயிறுதோறும் போய்ப் பேசிக்கொண்டிருக்க எங்கள் தெருச் சங்கத்தில் ஆள் கேட்டார்கள். பேச்சுக்கு என்னை விட்டால் யார்? முத்துக் குளித்து, இப்போது இடுப்பு விழுந்து கிடக்கும் சவரிமுத்துவை எனக்கு ஒதுக்கினார்கள்.

நான் உப்பளம் வாங்கிய கதை சூடுபிடிக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மரியம்மை வந்து, "மாமாவுக்கு மருந்து நேரம்" என்று என்னை அனுப்பிவிடுவாள்.

ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. கதை பாதியில் இருக்கும்போது சவரிமுத்து கட்டிலோரம் கிடந்த கயிற்றைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுத்தார். வலிப்பென்று பயந்து, என் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்து, "ஏளா மரியம்மை!" என்று கத்தினேன்.

துணி துவைத்த ஈரக்கையோடு ஓடிவந்தவள் சிரித்துவிட்டாள். "வலிப்பு இல்ல அண்ணாச்சி! கடலுக்குள்ள மூச்சு முட்டினா கயித்த இழுப்பாகல்லா, தோணியில நிக்கவுக மேல தூக்குவாக. உங்க பேச்சுல முட்டினா இந்தக் கயிறு. மறுமுனை எங்க அடுக்களையில கெடக்கு."

"இனி இங்கன வரமாட்டேன்" என்று எழுந்தேன். சவரிமுத்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"போயிராதேயும் வே! உம்ம விட்டா இந்த வாசல்ல யாரு ஏறுதா? நடுவுல கொஞ்சம் மூச்சு விடத்தான் கேக்கேன்."

இப்போதெல்லாம் அந்த மறுமுனையை நானே பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். அவர் இழுத்தால் வாயை மூடிவிடுவேன், அவர் பேசுவார். அவ்வளவு நேரம் பேசாமலிருக்க இந்த ஊரில் என்னால் மட்டும்தான் முடியும்.