சுலோச்சனா திறந்த பெட்டி

காவாந்தண்டலத்தில் வேதகிரி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தது எழுபத்தெட்டாம் வருஷம் தை மாசத்தில். பெண்டாட்டி சுலோச்சனா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "கல்நெஞ்சக்காரி" என்றார்கள் ஊர்ப் பெண்கள். நல்லாச் சொன்னார்கள் போங்கள்! அவளுக்கு அழுகை மட்டுமா வரவில்லை? பசி வரவில்லை, தூக்கம் வரவில்லை. சோறு போட்டால் தின்றாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பங்குனியில் கொழுந்தன் பன்னீர்செல்வம் மாட்டுவண்டியோடு வந்து நின்றான். மாந்தோப்பில் அண்ணன் வைத்திருந்த இரண்டு தேனீப் பெட்டிகளையும் செங்கல்பட்டுக்காரர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டானாம்.

"பாக்க ஆளில்லாம பூச்சி ஓடிப்பூடும் அண்ணி. உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"நான் பாத்துக்கறேன்."

"நீயா? ஒருநாளாவது மூடியத் தொறந்துகீறியா?"

"இப்பத் தொறக்கறேன். தொறக்கத் தெரியலன்னா ஏத்திக்கினு போ."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வேதகிரி கையால் வளர்த்ததென்று மிச்சம் இருந்தது அந்த இரண்டு பெட்டிதான். அதையும் வண்டியில் ஏற்றிவிட்டால் தோப்பில் வெறும் மரம்தான் நிற்கும்.

பன்னீர்செல்வம் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். வீரன்தான்!

சுலோச்சனா தகர டப்பாவில் தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை காட்டினாள். வேதகிரி சோற்றில் கை வைத்தால் போதும், தேனீப் பேச்சுதான். காது புளித்துப்போகக் கேட்டதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அடை தொங்கும் மரச்சட்டத்தை ஆட்டாமல் தூக்கணும். வாயால் ஊதக் கூடாது. ராணியைத் தேடி அலைய வேண்டாம், அறைக்குள் முட்டை இருந்தால் ராணி இருக்கிறாள்.

முதல் பெட்டியில் சட்டம் தெரியாதபடி தேனீ மொய்த்திருந்தது. வெயிலுக்கு நேரே பிடித்து அறைக்குள் பார்த்தாள். அடியில் ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை, நறுக்கிப் போட்ட வெள்ளை நூல் மாதிரி. பெட்டி நல்லாத்தான் இருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

இரண்டாவதில் ஈ குறைச்சல். ஓரத்து அடையில் மெழுகுப் பூச்சி நூலாம்படை கட்டியிருந்தது. மற்ற சட்டங்களைப் பார்த்தாள். இரண்டில் முட்டை இருந்தது. கெட்ட அடையைக் கத்தியால் அறுத்தெடுத்து, அடிப்பலகையைச் சுரண்டித் துடைத்தாள். ஈக்கள் முழங்கை வரைக்கும் ஏறி ஊர்ந்தன. யார் கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கொஞ்சம் சீக்கா கீது. தேத்திடலாம்" என்றாள்.

பன்னீர்செல்வத்துக்கு வாயெல்லாம் பல். "ஒரு கொட்டுகூட வாங்கலியே அண்ணி! அண்ணனயே வுடாதுங்க. உனுக்கு இன்னா ராசி!"

"ராசியா?" சுலோச்சனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "என் தலையில எந்நாளும் பூ இருந்துச்சி தம்பி. அந்த வாசனைக்கு மெரண்டு கொட்டும்னு உங்கண்ணன் என்னக் கிட்டவே சேக்க மாட்டாரு. 'ஒரே ஒரு நாளு பூவ எடுத்துட்டு வா, உள்ள இன்னா கீதுன்னு காட்டறேன்'னு கூப்ட்டுக்கினே இருந்தாரு. எடுக்க மாட்டேன்னு நான்தான் வீம்பு புடிச்சேன்."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"இப்ப எடுத்தாச்சி. காட்டத்தான் ஆளில்ல."

பன்னீர்செல்வம் துண்டை அவிழ்த்துக்கொண்டு போய் வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினான். சுலோச்சனா பெட்டிக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி ஓவென்று அழுதாள்.