இருபத்தொரு பாக்கெட் வைட்டமினோடு சிதம்பரத்துக்கு

குடல் அழற்சிக்காகச் சிதம்பரம் பக்கம் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாங்கள் என்றால் நானும் என் அக்கா மகள் சுகந்தியும். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தவள். இரண்டு வருடமாகக் குடலில் புண், ரத்தப்போக்கு. பாடம் நடத்தும்போதே பாதியில் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பதால், குணமான பிறகு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு முழு பீரியட் நின்று பாடம் நடத்திவிட வேண்டும், அவளுக்கு அது போதும்.

அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் இந்த நோய்க்கு ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு அவள் பெயரைக் கொடுத்தது நான்தான். வைட்டமின் டி கொடுத்தால் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா மாறுமா, புண் ஆறுமா என்று பார்க்கிறார்களாம். சேர்ந்தால் ஒரு வருடம் மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். நான் ஒன்பதாவதுதான் படித்தேன், ஆனாலும் கடலூரில் எங்கள் செம்மண்டலத்தில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடம் காட்டிவிட்டுத்தான் மாத்திரை போடுவார்கள். வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா, அதில் நல்லதும் உண்டு, ரவுடியும் உண்டு, வைட்டமின் டி அதற்கெல்லாம் இன்ஸ்பெக்டர் என்று தெருவுக்கே விளக்கிச் சொன்னவன் நான்.

கல்லூரியிலிருந்து போன் வந்தபோது சுகந்தி குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். அந்தப் பெண் நீளமாக என்னென்னவோ சொன்னார். "எல்லாம் தெரியும் மேடம், நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன். வரவேண்டிய தேதியைத் தவிர என் காதில் விழுந்தது 'ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்துத்தான் சேர்ப்போம்' என்பது மட்டும். சரி, போலீஸ் செலக்‌ஷன் மாதிரிதான் இதுவும், முன்கூட்டியே உடம்பைத் தயார் செய்துகொண்டு போனால் முதல் ஆளாக எடுப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

மருந்துக் கடையில் வைட்டமின் டி பவுடர் பாக்கெட் வாங்கினேன். கடைக்காரர் வாரத்துக்கு ஒன்று என்றார். எங்களுக்கு இருந்ததே மூன்று வாரம். தினம் ஒன்று என்று பாலில் கலந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "மாமா, டெஸ்டுக்கு முன்னாடி இதெல்லாம் சாப்பிடலாமான்னு கேட்டீங்களா?"

"கேக்காம குடுப்பேனா? கேட்டுட்டேன்" என்றேன்.

பயணத்துக்கு வருகிறேன். காலை 6.10க்குச் செம்மண்டலத்திலிருந்து ஆட்டோ, 80 ரூபாய். 6.30க்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி. தலைக்கு 42 ரூபாய். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தான், இதில் கிடையாது. தூரம் சுமார் 45 கிலோமீட்டர். அன்று காலை எடுத்த மலத்தை ஐஸில் வைத்துக் கொண்டுவரச் சொல்லி முந்தின நாள் மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிற எனக்கில்லாத ஐஸா? தெர்மாகோல் பெட்டி நிறைய உடைத்துப் போட்டு மடியில் வைத்திருந்தேன்.

கண்டக்டர் வந்தார். "பெருசு, மீன் பெட்டியெல்லாம் பின்னாடி வையி."

"மீன் இல்ல தம்பி, மெடிக்கல் ரிசர்ச்."

"அப்ப எறாவா?"

சுகந்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புதுச்சத்திரம் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் எழுந்து டிரைவரிடம் ஓடினேன். பின்னாலிருந்து ஒருவர், "ஆபீசுக்கு லேட்டாவுதுப்பா" என்றார். டிரைவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுக்கி நிறுத்தி, "போயிட்டு வாம்மா, வண்டி எங்கயும் போவாது" என்றார். ஏழு நிமிடம். அந்த வண்டியையே அவருக்கு எழுதி வைக்கலாம்.

7.55க்குச் சிதம்பரம். அங்கிருந்து ஆட்டோ 60 ரூபாய். எங்கள் முறை வந்தபோது மணி 10.20. மருத்துவர் சின்ன வயதுப் பெண். என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று சுகந்தியிடம் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வைட்டமின் டி இருபத்தொரு பாக்கெட் மேடம். தினம் ஒண்ணு. ரெடி பண்ணித்தான் கூட்டியாந்திருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கடைசி மூணு மாசத்துல வைட்டமின் டி எதுவும் எடுத்திருக்கக் கூடாதுன்னு போன்லயே சொன்னோமே. ரத்தத்துல கொறைவா இருக்கறவங்களுக்குத்தான் சார் இந்த ஆராய்ச்சி. அதக் குடுத்தா வயித்துல என்ன மாறுதுன்னு நாங்க இனிமேதான் பாக்கணும். நீங்க முடிவே பண்ணிட்டீங்க. யார்கிட்ட சொன்னாங்க போன்ல?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் மேசையைப் பார்த்தாள்.

"எங்கிட்டதான் மேடம். நான்தான் மறந்துட்டேன்."

ஊர் முழுக்கப் பேசுகிற இந்த வாய் அப்போது திறக்கவில்லை. 'இல்லை மேடம், நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் வந்தது, போனது, நான் பெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆராய்ச்சியில் இடமில்லை. கொண்டுபோன மாதிரியையும் வாங்கவில்லை. அந்த டாக்டர் நல்லவர், அப்படியே அனுப்பிவிடாமல் ரத்தம் எடுக்கச் சொன்னார். 1 மணிக்கு முடிவு வந்தது. கால்சியம் ஏறியிருந்தது. ஒரு வாரமாக அவளுக்கு வாந்தி வருவதுபோல் இருந்ததும், தாகம் எடுத்ததும் அதனால்தானாம். இப்படியே தொடர்ந்திருந்தால் கிட்னியைக் கெடுத்திருக்கும் என்றார். பவுடரை நிறுத்தச் சொல்லி, எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொன்னார்.

கோயிலுக்கும் போய்விட்டு வரலாம் என்று கிளம்பும்போது சொல்லியிருந்தேன். கோபுரத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. 2.15 வண்டி. வண்டி ஆலப்பாக்கம் தாண்டியது.

"ஏம்மா உம்மேல போட்டுக்கிட்ட?" என்றேன்.

"அவுங்க முன்னாடி உங்கள அப்புடிப் பாக்க முடியல மாமா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் நானே அந்த எண்ணுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "சொன்னதுக்கு நன்றி சார். ஆனா யார் குடுத்திருந்தாலும் சேக்க முடியாது" என்றார்கள். ஜூனில் பள்ளி திறந்தது. சுகந்தி போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காலை ஏழு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். வயிறு சரியில்லாதவர் கூட வந்தால் முன் சீட்டில் உட்கார வைத்து, ஏறும்போதே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் நிறுத்துவார்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, காலி கவர் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். ஆராய்ச்சி என்பது பரீட்சை இல்லை. உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே போய் நிற்க வேண்டும். வைட்டமின்தானே என்று நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். முக்கியமாக, நோயாளிக்கு வருகிற போனை நோயாளியிடம் கொடுங்கள்.

போன வாரம் அந்தக் கல்லூரியிலிருந்து மறுபடி போன் வந்தது, கால்சியத்துக்கான அடுத்த ரத்தப் பரிசோதனைக்காக. சுகந்தியே எடுத்தாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

"என்னென்ன சாப்பிடக் கூடாது மேடம்? மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

எழுதி முடித்து, எழுதியதை ஒருமுறை அவர்களுக்குப் படித்தும் காட்டினாள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.